சம்பவ இடத்திலேயே

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் வீரபத்திரனுக்கு, கையில் கிடைத்த எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்தால்தான் சோறு இறங்கும். வடை மடித்துக் கொடுத்த தாளைக்கூட எண்ணெயை உதறிவிட்டுப் படிப்பான். மனு எழுதிப் பிழைக்கிறவனுக்கு அது தொழில் புத்தி என்று ஊரில் சொல்வார்கள். அவன் பெண்டாட்டி சுகந்தி சொல்வது வேறு. "படிக்கட்டும் விடுங்க. அந்த நேரந்தான் அவுக அவுகளா இருக்காக" என்பாள்.

மற்ற நேரங்களில் அவன் காது பாதி ரோட்டிலேயே இருக்கும். தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டாலே பேனா நின்றுவிடும். கொட்டு வந்தால் பின்னாலேயே வெடி வரும். கல்யாணமோ, சடங்கோ, சாவுக் கேதமோ, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெடி போடாமல் எதுவும் ஆகாது. போன தை மாசம் ஒரு கேத ஊர்வலம் தாலுகா ஆபீஸைத் தாண்டும்போது சரியாக அவன் மேசைக்கு நேரே ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வீரபத்திரன் மேசைக்கு அடியில் இருந்தான். முதியோர் பென்சன் மனுவுக்காக எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் குனிந்து பார்த்து, "என்னப்பா, பேனா விழுந்திருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றான். பேனா அவன் கையில்தான் இருந்தது.

ஏழு வருசத்துக்கு முன்னால் அவன் மனு எழுதுகிறவன் இல்லை. பயராபீஸில் போர்மேன். பட்டாசு ஆலையைத்தான் இங்கே பயராபீஸ் என்பார்கள். அருப்புக்கோட்டைக்கு மேற்கே, கம்பெனி வேனில் ஒரு மணி நேரம். வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்த ராஜபாண்டி அவனுக்கு அரைக்கால் டவுசர் காலத்துக் கூட்டாளி. இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ராஜபாண்டியின் பெண்டாட்டி மாரிக்கனியும் அதே கம்பெனியில் திரி வெட்டினாள். வீரபத்திரனுக்கு அவள் தங்கச்சி முறை. காலையில் வேன் வந்து நின்றதும் ராஜபாண்டி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, வெரசா வா" என்று தெருவே கேட்கக் கத்துவான். அவள் அப்போதுதான் தூக்குச் சட்டிக்கு மூடி தேடிக்கொண்டிருப்பாள்.

ஒரு வைகாசி மத்தியானம் மருந்து ரூம் வெடித்தது. ராஜபாண்டி செத்துப்போனான். வெளியே நின்ற மாரிக்கனி பிழைத்தாள். வீரபத்திரனுக்கு மேலில் ஒரு கீறல்கூட இல்லை. கீறல் இருந்திருந்தால் யாராவது கட்டுப் போட்டிருப்பார்கள்.

காரியம் முடிந்த வாரத்தில் மாரிக்கனியின் அண்ணன் வந்து, நிவாரணத்துக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னான். அதுதான் வீரபத்திரன் எழுதின முதல் மனு. 'மேற்படி ராஜபாண்டி என்பவர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்' என்று எழுதினான். மனு கச்சிதமாக இருக்கிறது என்று ஆபீஸில் சொன்னார்களாம். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். வெடிப் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்க முடியாது என்று ஆகிவிட்டவனுக்கு அதுவே பிழைப்பாகிப் போனது.

மாரிக்கனி இப்போது பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை போட்டிருக்கிறாள். சுகந்தியின் பிறந்த ஊர் பந்தல்குடிக்கு அந்தப் பக்கம். இந்த ஏழு வருசத்தில் வீரபத்திரன் மாமனார் வீட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை, மாமனார் செத்தபோது. அதற்கும் எங்கெங்கோ சுற்றி மூன்று பஸ் மாறி, பாடை தூக்கியவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வீடு திரும்பிய பிறகு போய்ச் சேர்ந்தான். மாரிக்கனி முகத்தில் விழிக்க அவனால் முடியாது. ஏன் என்பதைப் பெண்டாட்டி உட்பட ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

சுகந்தி வேலை பார்க்கும் நூல் மில்லில் ஒரு நாள் மருத்துவ முகாம் நடந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த மனநல டாக்டர் சத்யபிரியா, பெரிய விபத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வருசக் கணக்கில் நிற்கும் பயத்தைப் பற்றிப் பேசினார். சுகந்திக்குத் தன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பேசியது போலிருந்தது. அவர்கள் கொடுத்த நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, வா என்றால் வரமாட்டான் என்று தெரிந்தவளாக, பேசாமல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான். வீரபத்திரன் சாம்பாரை மறந்துவிட்டுப் படித்தான். 'ஒரு நினைவை நாம் வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது சிறிது நேரம் இளகுகிறது என்று சில ஆய்வுகள் கருதுகின்றன' என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் மூன்று தடவை படித்தான்.

"இளகுதுன்னா என்ன அர்த்தம்?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்? போய்க் கேட்டாத்தான தெரியும்," என்றாள் சுகந்தி.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை, வைத்தியத்துக்கு என்று இல்லாமல் சந்தேகம் கேட்பதற்கென்று காரியாபட்டி வழி பஸ்ஸில் அவர்கள் மதுரைக்குப் போனார்கள்.

டாக்டர் சத்யபிரியாவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வீரபத்திரன் கேட்ட கேள்விகளுக்கு வேறு டாக்டராக இருந்தால் நாலாவது கேள்வியில் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாத்திரை புதுசு இல்லங்க. பிரஷருக்கும் படபடப்புக்கும் ரொம்ப வருஷமா கொடுக்கறதுதான். இப்ப பண்றதுதான் புதுசு. மாத்திரையப் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, அன்னைக்கு நடந்தத நீங்க எழுதிக் கொண்டுவந்ததுல இருந்து சத்தமா வாசிக்கணும். வாரம் ஒரு தடவை, ஆறு வாரம்."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான். நினைவு வெளிய வர்ற நேரத்துல கொஞ்சம் இளகும்ங்கறாங்க. பிறகு மறுபடி இறுகும்."

வீரபத்திரன் யோசித்தான். "அரக்கு மாதிரியா மேடம்? ஆபீஸுல கவர் ஒட்டி சீல் வப்பாங்கள்ல. சூடு காட்டுனா இளகும், ஆறுனா இறுகிரும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான். திரும்ப இறுகும்போது பயமும் கூடச் சேந்து இறுகாம இந்த மாத்திரை பாத்துக்கும்னு நினைக்கிறோம்."

"நினைக்கிறீங்களா? நிச்சயமில்லையா?"

"நிச்சயம்னா எதுக்கு ஆராய்ச்சின்னு எழுதி உங்ககிட்ட கையெழுத்துக் கேக்கறேன்? சிலருக்கு நல்லாக் கேக்குது. சிலருக்கு ஒண்ணுமே ஆகலை. உங்களுக்கு எப்படின்னு எனக்கே தெரியாது. வேண்டாம்னா வழக்கமா கொடுக்கற வைத்தியமும் இருக்கு."

தெரியாது என்று சொன்ன டாக்டரை வீரபத்திரன் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தான். அவனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா என்று அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தான். கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, பேனாவை வைத்த இடத்திலேயே நின்றது.

"மேடம், மறந்துபோயிருமா?"

"இல்ல. நடந்தது நடந்ததாவே ஞாபகம் இருக்கும்."

"சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

வீரபத்திரன் சுகந்தியைப் பார்த்தான், பிறகு மேசையைப் பார்த்தான். "ஒரு ஆளு குரல் இருக்கு மேடம். எனக்குன்னு மிஞ்சுனது அது ஒண்ணுதான். பயம் போகட்டும். அது போயிரக் கூடாது."

யாருடைய குரல் என்று டாக்டர் கேட்கவில்லை. "போகாதுன்னுதான் இதுவரைக்கும் பாத்திருக்கோம். எதுக்கும் வாராவாரம் நான் கேக்கறேன். குரல் மங்குதுன்னு உங்களுக்குத் தோணுனா அன்னைக்கே நிறுத்திடலாம்," என்றார். அந்த நிபந்தனையைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வீரபத்திரன் நின்றான். அவரும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை மாத்திரையைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். தலை லேசாக இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. சுகந்தியை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு, விரலில் நாடி பார்க்கும் கிளிப்பை மாட்டினார்கள். எழுதிவந்ததை வாசிக்கச் சொன்னார் டாக்டர். இடப்பக்கம் நாலு விரற்கடை இடம் விட்டு, இரண்டு பக்கத்துக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தான். எழுந்து நின்று வாசித்தான்.

"அனுப்புநர், ச. வீரபத்திரன், திருச்சுழி வட்டம். பெறுநர், உயர்திரு மனநல மருத்துவர் அவர்கள். ஐயா, வணக்கம். நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கடந்த ஏழு ஆண்டுகளுக்கு முன் வைகாசி மாதம் நண்பகல் சுமார் பன்னிரண்டேகால் மணியளவில் நான் பணிபுரிந்த ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டது. இதில் ராஜபாண்டி என்பவர் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார். எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து..."

வாசித்து முடித்ததும் டாக்டர் நாடிக் கணக்கைப் பார்த்தார். ஆரம்பத்தில் அறுபத்திநாலு. முடிவிலும் அறுபத்திநாலு.

"நீங்க எழுதினதுல குத்தமே இல்ல," என்றார். "எனக்கே ஏதாவது உத்தரவு போடணும்போல இருக்கு. ஆனா இத வாசிக்கறப்போ நீங்க அங்க இல்லையே. இங்க நிக்கறீங்க."

வீரபத்திரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சாவை அவன் எத்தனை தடவை எழுதியிருக்கிறான். ஸ்டேஷனுக்கு, தாசில்தாருக்கு, இன்சூரன்ஸுக்கு, கமிஷன் வைத்து விசாரித்தவர்களுக்கு. எழுதி எழுதி அது வழவழப்பாகிவிட்டது. ராஜபாண்டி அதில் 'மேற்படி நபர்' ஆகி ரொம்ப நாளாயிற்று. தன் தொழில் தன்னையே கவிழ்த்துவிட்டதே என்று பஸ்ஸில் வரும்போது அவனுக்கு எரிச்சலாக வந்தது. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தது எரிச்சலைக் கூட்டியது.

இரண்டாவது வாரம் அனுப்புநர், பெறுநர் இரண்டையும் எடுத்துவிட்டான். ஐயா என்று வந்த இடங்களையும் எடுத்தான். மற்றபடி அதே மனுதான். நாடி அறுபத்தாறு.

டாக்டர் தாளை வாங்கி, ஒரு வரியில் விரலை வைத்தார். "இது போன வாரமும் இருந்தது. 'சம்பவ இடத்திலேயே.' அப்படின்னா எவ்வளவு நேரம்?"

"அப்படின்னா?"

"வெடிச்சதுக்கும் அவர் இறந்ததுக்கும் நடுவுல."

வீரபத்திரன் தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியையே பார்த்தான். அறைக்கு வெளியே யாரோ மருந்துச் சீட்டுக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விரலில் மாட்டியிருந்த கிளிப் மட்டும் வேகமாக மினுங்க ஆரம்பித்தது. மாத்திரை போட்டிருந்தும் எண் எழுபது, எழுபத்தெட்டு என்று ஏறியது. டாக்டர் அதைப் பார்த்தும் பாராதவராக ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

"ஓரத்துல இடம் விட வேண்டாம். யாருக்கும் அனுப்ப வேண்டாம். வீட்டுல பேசற மாதிரி எழுதுங்க. இப்ப உங்க கண்ணு முன்னால என்ன தெரியுதோ அத மட்டும்."

அன்றைக்கு எழுத அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. வாசிக்கும்போது நிற்க முடியாமல் உட்கார்ந்துகொண்டான்.

"சாப்பாட்டு மணி அடிக்க ஷெட்டுலருந்து வெளிய வாரேன். மொத வெடி. நான் தூரத்துல இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல. ஓடுறேன். மாரிக்கனி தண்ணித் தொட்டிக்கிட்ட விழுந்து கெடக்கா. எந்திரிச்சு ரூமப் பாத்து ஓடுறா. நான் பின்னாடியே போயி அவ ரெண்டு கையையும் சேத்துக் கட்டிப் பிடிச்சிர்றேன். ரெண்டாவது வெடி வரும்னு எனக்குத் தெரியும். போர்மேனுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான், எவரையும் உள்ள விடாதன்னு. அவ காலால எத்துறா. என்னய வையிறா. உள்ளருந்து மாப்ள கூப்புடுறான். மாரிக்கனி. மாரிக்கனி. மாரிக்கனி. மூணு வாட்டி. உசுரோட இருக்கான். பொண்டாட்டியக் கூப்புடுறான். அவ கேட்டுக்கிட்டு இருக்கா. நான் விடல. பெறகு ரெண்டாவது வெடி."

எண் தொண்ணூறுக்கு மேல் போயிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தன் வாயிலிருந்து இது வெளியே வந்துவிட்டதே என்று வீரபத்திரனுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது, ஏழு வருசம் கழித்து மூச்சு விட்டது போலவும் இருந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"ஆராய்ச்சிக் கணக்குல ரெண்டு வாரமும் அப்படியேதான் இருக்கும், மாத்த முடியாது," என்றார். "ஆராய்ச்சிக் கமிட்டிகிட்ட கேட்டு கூட ரெண்டு வாரம் வாங்கிக்கலாம். அடுத்த வாரந்தான் உங்களுக்கு முதல் வாரம். குரல் இருக்கா?"

"இருக்கு."

அடுத்தடுத்த புதன்கிழமைகளில் அதே தாளை வாசித்தான். மாத்திரை, ஒரு மணி நேரக் காத்திருப்பு, வாசிப்பு, தண்ணீர். மாயம் மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் வாசித்துவிட்டு வாசலில் வாந்தி எடுத்தான், இதோடு போதும் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் அந்த வாரம் இரண்டு ராத்திரி முழுசாகத் தூங்கினான். இது மாத்திரையா, வாசிப்பா, இல்லை யாரிடமாவது சொல்லித் தொலைத்ததா என்று டாக்டரிடம் கேட்டான். "அதத்தான் நாங்களும் தேடறோம்," என்றார் அவர். அந்தப் பதிலைச் சுகந்தி ரசிக்கவில்லை, வீரபத்திரன் ரசித்தான்.

தினமும் காலையில் பல் விளக்கும்போது குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான், கட்டின மாடு தொழுவில் நிற்கிறதா என்று பார்க்கிற மாதிரி. இருந்தது. கொஞ்சமும் மங்கவில்லை. அதைக் கேட்டதும் உடம்பு ஓட எத்தனிப்பது மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது.

ஆறாவது வாரம் பாதி வாசிப்பில் அவன் கை சட்டைப் பையைத் துழாவியது. "என்ன தேடறீங்க?" என்றார் டாக்டர். "பேனா மேடம். ரெண்டு எடத்துல ஒற்றுப் பிழை இருக்கு," என்றான். டாக்டர் சிரித்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து வீரபத்திரனும் சிரித்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சிரிக்க முடியும் என்பது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

பிழை பார்க்கிற கண் வந்ததும் வேறொன்றும் கண்ணில் பட்டது. ஏழாவது வாரம் மூன்றாவது 'மாரிக்கனி'யில் நிறுத்தினான். திரும்ப மேலே போய் வாசித்தான்.

"மேடம், அவன் மூணு வாட்டி கூப்புடுறான். அவ ஒரு வாட்டிகூட ஏன்னு கேக்கல. புருசன் கூப்புட்டா 'இந்தா வந்துட்டேன்'னு ஒரு சத்தமாச்சும் வரணும்ல? எத்துற காலு எத்திக்கிட்டே இருந்துச்சு. வையிற வாயி வஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"இதுக்கு முன்னால இது உங்களுக்குத் தோணலையா?"

"எங்கிட்டுத் தோண? அதுக்குள்ள ஓடிர்றேனே."

டாக்டர் தாளை வாங்கி அந்த வரிகளைத் தானும் ஒரு தடவை வாசித்தார். பிறகு, "எனக்கும் தெரியல. தெரிஞ்சவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க," என்றார்.

அந்த வாரம் தாலுகா ஆபீஸைத் தாண்டி ஒரு கல்யாண ஊர்வலம் போனது. கொட்டு, பின்னாலேயே சரவெடி. வீரபத்திரனின் இடது கை நாற்காலியை இறுக்கிப் பிடித்தது. ஆனால் நாற்காலியில்தான் இருந்தான். பென்சன் இன்னும் வராத அதே பெரியவர் எதிரே இருந்தார். சத்தம் ஓய்ந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் பேனா விழல போல," என்றார். வீரபத்திரன் எழுதின வரியைப் பார்த்தான். 'தாழ்மையுடன்' மட்டும் நடுங்கியிருந்தது.

எட்டாவது வாரம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, "ஒங்க ஊருக்குப் போவமா? பந்தல்குடி வழியா," என்று சுகந்தியிடம் கேட்டான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னான். கட்டிப் பிடித்தது, எத்தினது, மூன்று தடவை கூப்பிட்டது, மனுவில் எழுதினது. சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுக்கா எங்கப்பன் சாவுக்கு மூணு பஸ்ஸு மாறுனீக?" என்று கோபமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, இறங்குகிற வரைக்கும் அவன் கையை விடவில்லை.

கடையில் மூன்று லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனி கொஞ்சம் பெருத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. அவனைப் பார்த்ததும் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. வீரபத்திரன் ஓடிவிடுவான் என்றுதான் சுகந்தி நினைத்தாள். அவனும் அதையேதான் நினைத்தான்.

"வாங்கண்ணே," என்றாள் மாரிக்கனி. "ஏழு வருசமாச்சா ஒங்களுக்கு இந்தப் பக்கம் பஸ்ஸு கெடைக்க? மதினி, உக்காருங்க. அண்ணே, அங்கிட்டு இல்ல, இந்தப் பக்கமா வாங்க. அந்தக் காது எனக்குச் சுத்தமாக் கேக்காது."

வீரபத்திரன் இடம் மாறி உட்கார்ந்தான். "காதா? எப்பருந்து?"

"அன்னைக்குப் போனதுதான். மொத வெடியிலயே ரெண்டும் அடச்சிருச்சு. நான் தொட்டிக்கிட்டயில்ல நின்னேன். ரெண்டு மாசம் ஒண்ணுமே கேக்கல. அவுக போயிட்டாகங்கறதக்கூட எங்கண்ணன் சிலேட்டுல எழுதித்தான் காட்டுச்சு. பெறகு இது மட்டும் பாதி தெறந்துச்சு."

வீரபத்திரன் அவளுடைய அந்தக் காதையே பார்த்தான். இவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கக் கேட்கத்தான் பிடித்து வைத்திருந்தோம் என்று ஏழு வருசமாக நம்பியிருந்தான். அவள் ஒன்றையும் கேட்கவே இல்லை. அந்தக் குரல் அவனிடம் மட்டுமே இருந்திருக்கிறது.

"எம்மேல கோவமில்லையா ஒனக்கு?"

"இல்லாமயா? மொத வருசம் பூரா ஒங்கள வஞ்சேன். மண்ண அள்ளித் தூத்துனேன். பெறகு எஞ்சின்ன மகளுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துட்டா. வையிறதுக்கு நேரமில்லாமப் போச்சு." டீயை அவர்கள் முன்னால் வைத்தாள். "ரெண்டு தடவ திருச்சுழிக்கு ஒங்களத் தேடி வந்தேன். ஆளு இல்ல. பேனா மூடி தெறந்து கெடந்துச்சு, இப்பத்தான் டீக் குடிக்கப் போனாருன்னாக."

அந்த இரண்டு தடவையும் அவன் ஆபீஸ் கக்கூஸுக்குள் நின்றுகொண்டிருந்தான். "எதுக்கு வந்த?" என்றான்.

"ஒண்ணு கேக்கணும்னு." லாரிக்காரர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மனுவுல சம்பவ இடத்துலயேன்னு எழுதியிருந்தீக. எல்லாரும் அதத்தான் சொன்னாக. ஆனா என்னயப் பிடிச்சிருந்தப்போ நீங்க சடார்னு ரூமப் பாத்துத் திரும்புனீக. ஆரோ கூப்பிட்டா திரும்புவம்ல, அப்புடி. ரெண்டு மூணு வாட்டி. எனக்குத்தான் காது அடச்சிருச்சே, கண்ணு தெரிஞ்சுச்சுல்ல. அதான் கேக்கேன். உள்ளருந்து என்னமும் சத்தம் வந்துச்சாண்ணே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுவில் இருப்பதே இருந்துவிடும், அவளும் நம்பிவிடுவாள். இரக்கத்தில் எழுதின பொய், ஏழு வருசம் நின்றாயிற்று, இனியும் நிற்கும். வீரபத்திரன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வலியைத் தேடிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த முகம் அவனுக்குப் பழக்கமான முகம். சாம்பாரை மறந்துவிட்டு நோட்டீஸ் படித்தபோது தனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

"வந்துச்சும்மா," என்றான். "நான் எழுதுனது பொய்யி. உசுரோட இருந்தான். ஒன்னயக் கூப்புட்டான். மூணு வாட்டி."

மாரிக்கனி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். "என்னன்னு கூப்புட்டாக?"

"மாரிக்கனின்னு."

"பேரச் சொல்லியா?"

"ஆமா."

அவள் சுகந்தியைப் பார்த்தாள், திரும்ப அவனைப் பார்த்தாள். "பதினோரு வருசம் குடும்பம் நடத்துனேண்ணே. அவுக ஒருநாளும் என் பேரச் சொன்னதில்ல. புள்ளம்பாக, இந்தாம்பாக. கோவம் வந்தா ஏய்ம்பாக. என் பேரு அவுக வாயில எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாது." முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுந்தத் துடைத்தாள். பிறகு கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, "எப்புடிச் சொன்னாக? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க," என்றாள்.

கருவாட்டு மூட்டை ஏற்றின லோடு லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தது. அது கடந்து போகும்வரை வீரபத்திரன் காத்திருந்தான். எட்டு வாரப் பழக்கத்தில் இடது கை வலது மணிக்கட்டின் நாடிக்குப் போனது. வேகமாகத்தான் அடித்தது. ஆனால் அவன் அங்கேயே இருந்தான். குரல் உள்ளே இருந்தது, தெளிவாக, முதல் எழுத்தை ராஜபாண்டி எப்படி இழுத்தான் என்பது வரைக்கும். அவள் காதுக்குப் பக்கமாகக் குனிந்தான்.

"மாரிக்கனி," என்றான், ராஜபாண்டி சொன்ன மாதிரியே. "மாரிக்கனி. மாரிக்கனி."

மாரிக்கனி கண்ணை மூடியிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

"இன்னொருக்கா," என்றாள்.